பந்தியில் ஒரு வெள்ளை இடம்

மதுரையை ஒட்டிய பரவைப் பக்கம் விசேஷ வீட்டுக்குப் போகிறவன் முதலில் சாப்பாட்டைப் பார்க்க மாட்டான். வாசலில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸைத்தான் பார்ப்பான். தன் மூஞ்சி இருக்கிறதா, இருந்தால் எந்த வரிசையில் இருக்கிறது, பக்கத்தில் எவன், அவன் மூஞ்சி தன் மூஞ்சியைவிடப் பெரிதா. இம்புட்டையும் செருப்பைக் கழற்றுவதற்குள் பார்த்து முடித்துவிடுவான். மொய்யும் கறிச்சோறும் அதற்கப்புறம்தான். மூஞ்சி இல்லையென்றால் கறிச்சோறும் இல்லை, கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அந்த மூஞ்சிகளை வரிசை பிடித்துப் போடுகிற ஆள்தான் சங்கிலி. திண்டுக்கல் ரோட்டில் மார்க்கெட்டுக்கு எதிரே கடை. படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. இளவட்ட வயதில் சாரத்தில் தொங்கிக்கொண்டு கட்அவுட் வரைந்தவன். கம்ப்யூட்டர் வந்தபோது கூட இருந்தவர்களெல்லாம் இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சங்கிலி உட்காரவில்லை. சாரத்தில் தொங்கித் தொங்கி இடுப்பு போயிருந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு செய்கிற வேலை என்றதும் முதல் ஆளாகப் போய்க் கற்றுக்கொண்டான். இன்றைக்கும் கம்ப்யூட்டரைத் துடைக்கும்போது ஒரு கும்பிடு போட்டுத்தான் துடைப்பான்.

ஆனாலும் கை சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து தனக்கென்று வரைவான். மாட்டுத்தாவணியில் பூ மூட்டைமேல் வாயைப் பிளந்து தூங்குகிறவர்கள், பஸ் ஜன்னலில் சீட்டுக்குத் துண்டு போடுகிறவர்கள் என்று அவன் வரைவதெல்லாம் இப்படித்தான். யாரும் கேட்டு வரைவதில்லை, யாரும் வேண்டாமென்று சொன்னதுமில்லை. ஒரு தடவை மதுரைக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருக்கும் ஹஃபீஸா பேனர் அடிக்க வந்தவள், பேனரை மறந்துவிட்டு அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து மதுரையில் எங்கே படம் மாட்டினாலும் சங்கிலிக்கும் ஒரு சுவர் கிடைத்துவிடும்.

ஊர் மூஞ்சி ஒன்றைக்கூட விடாமல் போட்ட இந்த ஆள், சொந்த வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அடித்த ஃப்ளெக்ஸில் மச்சானை விட்டுவிட்டான்.

மச்சான் என்றால் தூரத்து மச்சான் இல்லை. பெண்டாட்டி முத்துமீனாவுக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன், எழுமலை கண்ணுச்சாமி. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மூஞ்சியும் தனித்தனிக் கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கண் படம். அந்தக் கண்ணை அமுக்கினால் மூஞ்சி மறையும், மறுபடி அமுக்கினால் வரும். மச்சான் மூஞ்சிக்குப் பின்னாலிருக்கும் வாழைமரம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சங்கிலி அந்தக் கண்ணை அமுக்கினான். அந்த நேரம் பார்த்து டீ வந்தது. டீயைக் குடித்தான், ஃப்ளெக்ஸை அடிக்க அனுப்பிவிட்டான்.

விழா அன்று கண்ணுச்சாமி வேன் பிடித்து, மேளம் வைத்து, புது பீரோவைச் சீர்வரிசையாக ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஃப்ளெக்ஸைப் பார்த்தார். வரிசை வரிசையாகப் பார்த்தார். முத்துமீனா கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரன் மூஞ்சிகூட இருந்தது. மேளக்காரனைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்த வீட்டு வாசல்ல இனிமே பச்சத்தண்ணி குடிச்சேன்னா என்னைய என்னன்னு கேளு" என்றார். பீரோவை நடுத்தெருவில் இறக்கிவைத்தார். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அதே வேனில் ஏறிவிட்டார். 

பீரோவை நாலு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். மூன்று வருஷமாகப் பூட்டியபடியே நிற்கிறது. அசைத்தால் உள்ளே என்னமோ உருளும். என்னவென்று முத்துமீனாவுக்குத் தெரியாது. பூட்டுக்காரனைக் கூப்பிட அவளுக்கு மனசு வரவில்லை. "எங்கண்ணன் தொறக்கட்டும்" என்பாள்.

சங்கிலி எத்தனையோ தடவை எழுமலைக்குப் போய்க் கண் அமுக்கிய கதையைச் சொல்லிப் பார்த்தான். கண்ணுச்சாமி ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டே கேட்பார். "ஊருல அம்புட்டுப் பேரு கண்ணு இருக்கு. எங் கண்ணுதான் ஒனக்குக் கெடச்சுச்சா?" என்பார். அதற்குமேல் பேச்சு ஓடாது.

இதெல்லாம் பெரியவர்கள் ரோஷம், கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் சங்கிலியின் மகள் இலக்கியாவுக்குக் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும், அவளுக்கு இருப்பது ஒரே தாய்மாமன். ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள். மூன்றில் குத்தியிருக்கவேண்டியது நின்றுபோனது. இப்போது ஐந்தும் முடியப்போகிறது. விட்டால் ஏழு. அதுவரை அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வெறுங்காதோடு திரியவேண்டும். கூடப் படிக்கிற பிள்ளைகள் ஜிமிக்கியை ஆட்டிக்காட்ட, இவள் காது மடலில் பென்சிலைச் செருகிக்கொண்டு வருவாள். அதைப் பார்க்கும் நாளெல்லாம் முத்துமீனா குழம்பில் உப்பை மறந்துவிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் படம் சங்கிலி கண்ணில் பட்டது. ஒருத்தர் கிடாவெட்டு ஃப்ளெக்ஸுக்குக் காடு மாதிரிப் பின்னணி வேண்டுமென்றார். சங்கிலி கம்ப்யூட்டரில் காடு என்றும் விருந்து என்றும் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அடித்துத் தேடினான். மரத்தடியில் ஆணும் பெண்ணுமாகத் தரையில் உட்கார்ந்து தின்னுகிற ஒரு பெரிய கூட்டம் வந்து நின்றது. எல்லாம் வெள்ளைக்காரர்கள். ஒருத்தர் தலையில் கும்பாவைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி. ஒரு பொம்பளை தலையில் சட்டியைச் சுமந்து நிற்கிறாள். ஓரத்தில் ஒரு கழுதை. வலதுகைக் கடைசியில் ஒரு பெண் அசந்து தூங்குகிறாள். நடுவாக்கில் ஒருத்தர் பக்கத்தில் பெரிய கழுகை வைத்துக்கொண்டு எதையோ குடித்துக்கொண்டிருக்கிறார்.

சங்கிலி ஹஃபீஸாவுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, அது ஐந்நூறு வருசத்துக்கு முந்தி வெனிஸ்ல பெல்லினின்னு ஒருத்தரு வரைஞ்சது. தெய்வங்களின் விருந்துன்னு சொல்லுவாங்க. உக்காந்திருக்கிறது பூராம் அவுங்க புராணத்துச் சாமிக."

"சாமிகளா? சாமிகளுக்கு இம்புட்டுத்தான் சாப்பாடா? ஒரு சட்டிப் பழத்த வச்சுக்கிட்டு அத்தன பேரும் மூஞ்சி மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக. எங்க அத்த பாத்துச்சுன்னா அழுதுரும்."

ஹஃபீஸா போனில் சிரித்த சிரிப்பில் காது குடைந்தது. "அண்ணே, நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க. சமயநல்லூர்ல எங்க அத்தாவோட பழைய ரைஸ் மில்லு சும்மா கெடக்குல்ல, அங்க ஒரு கண்காட்சி வைக்கிறோம். ஒவ்வொருத்தரும் ஒரு பழைய படத்துக்குப் பதில் வரையணும். நீங்க இதுக்கு வரைங்க."

"பதில்னா எதுத்துப் பேசணுமா டீச்சர்?"

"பேசலாம். சண்ட போடலாம். கூட உக்காந்து திங்கலாம்."

"கூட உக்காந்து திங்கிறது நமக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

பெரிய படம், பெரிய துணி வேண்டும். வீட்டில் கிழியாமல் ஓட்டையில்லாமல் பெரிதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். பரணில் நெல் மூட்டைமேல் போர்த்தியிருந்த புதுமனை புகுவிழா ஃப்ளெக்ஸ். அதை இறக்கி உதறினான். மூஞ்சிகள் இருந்த பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிக் கட்டிவிட்டு, வெள்ளையாயிருந்த முதுகில் பிரைமர் அடித்தான். 

அதற்கப்புறம் ஆளைப் பிடிக்க முடியவில்லை. கொண்டாட்டமாக வரைந்தான். சாமிகள் இருந்த இடத்திலெல்லாம் சொந்தக்காரர்களை உட்கார வைத்தான். பழச்சட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆளுக்கொரு தலைவாழை இலை, இலை நிறையக் கறிச்சோறு, ஓரத்தில் ரத்தப் பொரியல். தலையில் சட்டி சுமந்த பெண் இருந்த இடத்தில் தங்கப்பொண்ணு அத்தை குழம்பு அண்டாவோடு நின்றாள். சாமிகளில் ஒருத்தர் பக்கத்துப் பெண் தொடையில் கை வைத்திருந்தார். அந்தச் சோலியெல்லாம் நம் பந்தியில் ஆகாது என்று, அந்தக் கையை அடுத்தவன் இலையிலிருந்த நல்லி எலும்புக்கு நகர்த்திவிட்டான். கழுகுக்குப் பதிலாகக் காக்கா.

கடைசியில் தூங்குகிற பெண்ணுக்கும் ஒரு கதை இருந்தது. அவள் சேலையை ஒரு சாமி திருட்டுத்தனமாக விலக்கப் பார்க்கும்போது கழுதை கத்திவிடும், எல்லாரும் விழித்துக்கொள்வார்கள் என்று ஹஃபீஸா சொல்லியிருந்தாள். சங்கிலி அந்த இடத்தில் சுடலைச் சித்தப்பாவைப் படுக்கவைத்தான். அவர் எந்த விசேஷத்திலும் முதல் பந்தியில் தின்றுவிட்டு இரண்டாம் பந்திக்குள் தூங்கிவிடுவார். வேட்டி தானாகவே விலகிக் கிடக்கும், எந்தச் சாமியும் மெனக்கெட வேண்டியதில்லை. கழுதைக்குப் பதிலாக மரக்கிளையில் மைக்செட் குழாய், நேராகச் சித்தப்பா காதுக்கு.

எல்லாம் வந்தது. நடுவில் குடித்துக்கொண்டிருந்த பெரிய சாமியின் இடம் மட்டும் வரவில்லை. அது கண்ணுச்சாமிக்கு என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டான். கம்ப்யூட்டரில் கண்ணை அமுக்கி மறைத்த அவருடைய பாஸ்போர்ட் போட்டோவைத் திறந்து வைத்துக்கொண்டு வரைந்தான். போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி வந்தது. வெள்ளையடித்து அழித்தான். மறுபடி வரைந்தான். வட்டாட்சியர் ஆபீஸில் மனு கொடுக்கிற மாதிரி வந்தது. மறுபடி வெள்ளை. சங்கிலிக்கு வேண்டிய மூஞ்சி அந்தப் போட்டோவில் இல்லை. அவன் கல்யாணப் பந்தியில் முதல் முதலாகப் பார்த்த மூஞ்சி அது. கண்ணுச்சாமி நல்லி எலும்பைக் கடைவாயில் வைத்து, ஒரு கண்ணை இறுக மூடி, ஒரு இழுப்பு இழுப்பார். மறு புருவம் மேலே ஏறும். இந்த உலகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று அந்த மூஞ்சி சொல்லும். பெரிய சாமிக்கு அதைவிட என்ன மூஞ்சி வேண்டும்? ஆனால் அதை மூன்று வருஷமாக அவன் பார்க்கவில்லை. பாதி மீசைக்குமேல் மனசில் வரமாட்டேன் என்றது. பந்தியின் நட்ட நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு வெள்ளையாக நின்றது.

அந்த நேரம் பார்த்துத் தங்கப்பொண்ணு அத்தை மார்க்கெட்டுக்குக் காய் வாங்க வந்தவள் ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள்.

"ஆத்தாடி! மருமகனே, இது நாந்தான? காதுகுத்துக்கு போர்டா? கையாலயா வரையிற?"

"இல்லத்த, இது கண்காட்சிக்கு."

"இலக்கியா காதுகுத்துக்குத்தான்னு நேரா சொல்லேன்யா, எங்கிட்ட என்ன மறைப்பு?" என்றவள் போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்துக்கொண்டு போனாள். மத்தியானச் சோறு தின்பதற்குள் அது ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது. 'எங்க மருமகன் மகளுக்கு காதுகுத்து போர்டு. நான் அண்டாவோட நிக்கிறேன்.'

சாயங்காலம் கடை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. நம் ஜனங்களுக்கு மூஞ்சிகள் வரிசையாக உள்ள பெரிய துணி என்றால் அது ஃப்ளெக்ஸ்தான். ஐந்நூறு வருஷப் படத்துக்குப் பதில் என்று யார் கண்டார்கள்? சங்கிலி தொண்டை வற்றச் சொன்னான். "கண்காட்சிக்கு, கண்காட்சிக்கு." அவர்கள் காதில் விழுந்தது வேறு. காதுகுத்து போர்டைக் கண்காட்சியில் வேறு வைக்கப்போகிறானாம் என்று பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

சுடலைச் சித்தப்பா தன் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். "ஏன்டா மகனே, எல்லாரும் முழிச்சிருக்கான். நான் மட்டும் செத்தவன் மாதிரிக் கெடக்கேன்?"

"தூங்குறீங்க சித்தப்பா."

"வேட்டியவாச்சும் இழுத்து விடுறா. சம்பந்தி வீட்டுக்காரன் பாப்பான்ல."

சங்கிலி பிரஷ்ஷை எடுத்து வேட்டியை ஒரு ஜாண் இழுத்துவிட்டான். அதைப் பார்த்துவிட்டு அடுத்தவர் தனக்கு வழுக்கையை மூடச் சொன்னார். அத்தை அண்டாவுக்கு ஈயம் பூசச் சொன்னாள். ஒருத்தருக்குத் தன் இலையில் கறி குறைவு. அலுத்துப்போய் ஹஃபீஸாவிடம் புலம்பினான்.

"பெல்லினிக்கும் அதான்ணே நடந்துச்சு. அவரு வரைஞ்சு முடிச்ச பெறகு, படத்துக்குச் சொந்தக்காரரு வேற ரெண்டு பேர விட்டு மரத்தையும் மலையையும் மாத்தி மாத்தி வரையச் சொல்லிட்டாரு."

"அவருக்கும் சொந்தக்காரங்க தொல்லையா?" என்று கேட்டான் சங்கிலி. அதற்கப்புறம் புலம்பவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கறியை அள்ளி வைத்தான்.

நடுவிலிருந்த வெள்ளையைத்தான் யாராலும் சும்மா விட முடியவில்லை. அது யாருக்கு, யாருக்கு என்று பிடுங்கினார்கள். மச்சானுக்கு என்று சொன்னால் வராத ஆளுக்கு எதற்கு நடு இடம் என்று சண்டை வரும். அதனால் சங்கிலி வாயைத் திறக்கவில்லை. அவன் வாயைத் திறக்காததால் ஆளாளுக்குப் பாஸ்போர்ட் போட்டோ அனுப்ப ஆரம்பித்தார்கள். சேதி எழுமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அதன் உருவம் மாறியிருந்தது. "கண்ணுச்சாமி, ஒன்னைய மறுபடியும் விட்டுட்டான்யா. இந்தத் தடவ ஒன் எடத்துல வெள்ளையடிச்சே வச்சிருக்கான்."

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை காலையில். ஹஃபீஸா அப்பாவின் ரைஸ் மில் சுவரெல்லாம் பழைய தவிட்டுத் தூசி, படம் மாட்டினால் பாழாகிவிடும். அதனால் பெரிய படத்தை மில்லின் நடுவில் உத்தரத்திலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். முன்வாசலில் நுழைகிறவர்களுக்கு விருந்து தெரியும். பின்பக்கம் முன்பு நெல் லாரி வந்து நிற்கிற வாசல். அங்கிட்டிருந்து எவன் வரப்போகிறான் என்று விட்டுவிட்டார்கள்.

கண்ணுச்சாமி அங்கிட்டிருந்துதான் வந்தார்.

எழுமலையிலிருந்து டிவிஎஸ் வண்டியில் வந்து, கோபத்தில் வழியை மாற்றிப் பின்வாசலில் நிறுத்திவிட்டு, தலையில் ஹெல்மெட்டோடு விறுவிறுவென்று உள்ளே வந்தார். வந்தவர் கண்ணில் பட்டது அதே ஃப்ளெக்ஸ். அதே வாழைமரம். அதே வரிசை. போட்டோக்காரன் மூஞ்சிகூட அப்படியே. தான் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் தெருவோடு போன அவமானத்தைக் கயிறு கட்டி, லைட் போட்டு, ஊரைக் கூட்டிக் காட்டுகிறான் என்று அவருக்குத் தோன்றியதில் தப்பு என்ன இருக்கிறது?

ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே கத்தினார். யாருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை, டிரம்முக்குள் நாய் குரைக்கிற மாதிரி கேட்டது. கத்திக்கொண்டே படத்தைச் சுற்றி முன்பக்கம் வந்தார். அங்கே விருந்து. அத்தனை பேரும் தின்கிறார்கள். நடுவில் வெள்ளை. ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் போட்டார், அது ஹஃபீஸாவின் காலடிவரை உருண்டது.

"முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல! ஒரே துணியில ஒருத்தன ரெண்டு தடவ விடணும்னா எம்புட்டு யோசிச்சிருப்ப மாப்ள நீயி? இந்தா, சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். ஒம் மகளுக்கு எம் மடி கெடையாது. கம்ப்யூட்டர்லயே ஒரு மடி செஞ்சு குத்திக்க!"

முத்துமீனாவுக்கு முகம் செத்துவிட்டது. சங்கிலி முன்னால் வந்தான்.

"மச்சான், அந்த எடம் ஒங்களுக்குத்தான். நடுச்சாமி நீங்கதான்."

"அப்பறம் எங்கடா நானு?"

"வரைய வரல மச்சான். ஒங்க மூஞ்சி போட்டோவுல இல்ல. நீங்க நல்லி எலும்பு இழுப்பீகல்ல, ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு, அப்பத்தான் அது வரும். அதப் பாத்து மூணு வருசமாச்சு. எத்தன தடவ வரைஞ்சு எத்தன தடவ அழிச்சிருக்கேன், தடவிப் பாருங்க. அந்த எடம் மட்டும் தோசக்கல்லு மாதிரி கனமாக் கெடக்கும்."

கண்ணுச்சாமி நம்பவில்லை. ஆனாலும் போய்த் தடவினார். வெள்ளைமேல் வெள்ளையாக அப்பி, விரலில் மேடு தட்டியது. மேட்டுக்கு அடியில் அங்கங்கே கறுப்பாக, மீசை மீசையாகத் தெரிந்தது. கையை எடுத்துவிட்டார். ஆனாலும் முறைப்பை எடுக்கவில்லை. வந்த கோபத்தை அப்படிச் சட்டென்று கீழே வைக்க முடியுமா?

"அதுக்கு? இப்பத் தின்னு காட்டணுமா? ஒங்க வீட்டு வாசல்ல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்னு சொன்னவன் நானு."

அப்போதுதான் முத்துமீனாவுக்கு மூளை வேலை செய்தது. படம் மாட்ட வந்தவர்களுக்காகக் காலையில் சோறாக்கிக் கறிக்குழம்பு வைத்து வாளியில் கொண்டுவந்திருந்தாள். விறுவிறுவென்று போய் ஒரு வாழை இலையை எடுத்துவந்து படத்துக்கு நேர் முன்னால் தரையில் விரித்தாள். தண்ணீர் தெளித்தாள்.

"எங்க வீட்டு வாசல்லதான குடிக்க மாட்டேன்ன? இது ஹஃபீஸா டீச்சரோட அத்தா மில்லு. உக்காருண்ணே."

கண்ணுச்சாமி தங்கச்சியைப் பார்த்தார். மில்லைப் பார்த்தார். நெல் கொட்டுகிற தொட்டி, உடைந்த பெல்ட், கூரையில் புறா. எந்தப் பக்கம் பார்த்தாலும் அது தங்கச்சி வீட்டு வாசல் இல்லைதான். ஹஃபீஸாவும் சமயம் பார்த்து, "எங்க மில்லுக்கு வந்துட்டு சாப்பிடாமப் போகக் கூடாதுண்ணே, எங்கத்தா என்னையத் திட்டுவாங்க" என்றாள்.

"டீச்சரம்மா சொல்றதுக்காக" என்று ஊருக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. நாலு வாய்வரை திட்டிக்கொண்டே தின்றார். "டீயாம்ல டீயி. டீ வந்தா மச்சான மறந்துருவான்." சங்கிலி பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பிரஷ்ஷோடு காத்திருந்தான். பார்க்க வந்தவர்களெல்லாம் மற்ற படங்களை விட்டுவிட்டு வட்டமாக நின்றுகொண்டார்கள். தங்கப்பொண்ணு அத்தை போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். முத்துமீனா வாளிக்குள் கரண்டியை விட்டுத் துழாவி, அடியில் கிடந்த பெரிய நல்லியை எடுத்து அண்ணன் இலையில் வைத்தாள்.

கண்ணுச்சாமி அதை எடுத்தார். இலையில் ஒரு தட்டுத் தட்டினார். கடைவாயில் வைத்தார். ஒரு கண் மூடியது. புருவம் ஏறியது.

"அசையாதீக மச்சான்!"

சங்கிலியின் கை போன வேகத்தை அன்று பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். கன்னம், புருவம், மூடிய கண், மீசையில் ஒட்டிய குழம்பு, எல்லாம் வெள்ளைக்குள்ளிருந்து எழும்பி வந்தது. எலும்பில் ஒன்றும் இல்லாமல் போன பிறகும் கண்ணுச்சாமி வாயிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் மாப்பிள்ளைக்குக் கை தவறிவிடும் என்று அவரே நினைத்துக்கொண்டார்.

அதுவரை அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்ற இலக்கியா மெல்ல முன்னால் வந்தாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் மாமன் மடி, மாமன் மடி என்று கேட்டவள். மடி என்றால் ஏதோ கோயில் மாதிரி ஒரு இடம் என்று நினைத்திருப்பாள். சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த கண்ணுச்சாமியின் கால்களை எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இந்த மடியா?"

"ஆமாடி."

"இம்புட்டுத்தானா?" என்று கேட்டுவிட்டு, இடம் பத்துமா என்று பார்க்கிற மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

எலும்பு கீழே இறங்கியது. கண்ணுச்சாமி எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடதுகையால் அவள் காது மடலைத் தொட்டுப் பார்த்தார். பென்சில் செருகிச் செருகி அந்த இடம் கறுத்திருந்தது. பிறகு நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"பிள்ளையையும் சேத்து வரை. அப்பறம், சட்டை என்ன பச்சையாப் போடுற? காதுகுத்துக்கு வெள்ளைச் சட்டைதான் போடுவேன்."

மில் கூரையிலிருந்த புறாவெல்லாம் பறந்துபோகிற மாதிரி ஒரு சத்தம் எழும்பியது. சுடலைச் சித்தப்பா அதுவரைக்கும் நெல் சாக்கில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவர், "என்ன, குத்தியாச்சா?" என்று கேட்டுக்கொண்டு எழுந்தார். கண்ணுச்சாமி இடுப்பு முடிச்சிலிருந்து பீரோச் சாவியை எடுத்துத் தங்கச்சி கையில் போட்டார். "உள்ள ரெண்டு சேல இருக்கு. எவர்சில்வர் சொம்பு ஒண்ணு உருண்டுக்கிட்டுக் கெடக்கும்" என்றார். மூன்று வருஷம் சாவி அங்கேயேதான் இருந்திருக்கிறது.

பிள்ளைக்கு ஆறு பிறக்குமுன்பே, பரவைக்கு வெளியே தோப்பில் கருப்பசாமி கோயிலில் காதுகுத்து நடந்தது. ஆசாரி முதல் காதில் குத்தும்போது இலக்கியா மாமன் கையைக் கடித்தாள். இரண்டாவது காதுக்குக் கண்ணுச்சாமியே கையை நீட்டிக்கொடுத்தார். அதற்கென்று தனி ஃப்ளெக்ஸ் அடிக்கவில்லை. சொந்தக்காரர்கள் முதலிலிருந்தே சொன்னபடி, சங்கிலி வரைந்த படத்தைத்தான் இரண்டு புளியமரத்துக்கு நடுவில் கட்டியிருந்தார்கள். வந்தவர்களெல்லாம் படத்தைப் பார்த்துப் பார்த்து அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். அத்தை அண்டாவோடு நின்றாள். சித்தப்பா தலைக்கு நேராக மைக்செட் குழாயைக் கட்டியிருந்தான் மைக்செட்காரன், அவனும் படத்தைப் பார்த்தவன்தான்.

பந்தி முடிந்து ஜனங்கள் கிளம்பும்போதுதான் சங்கிலி படத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தான். தோப்பைவிட்டுப் போகிறவர்கள் பார்க்கிற பக்கம் அது. பழைய வாழைமரம், பழைய வரிசை, போட்டோக்காரன் மூஞ்சி. எல்லாத்துக்கும் மேலே, நட்ட நடுவில், ஒரு பாஸ்போர்ட் போட்டோ செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி அதே மூஞ்சி.

பக்கத்தில் கண்ணுச்சாமி டேப் சுருளோடு நின்றுகொண்டிருந்தார்.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம் மாப்ள" என்றார். "நீ போயி டீயக் குடி."